நீலத் திரையும் செருப்பு ஸ்டாண்டும்

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பையனோ பெண்ணோ இருந்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'உங்க காலேஜ் லேபில் புரோகிராம் அடிக்கிற திரை என்ன கலர்?' கறுப்பு, வெள்ளை என்று எதையாவது சொன்னால் கவலையில்லை, மேற்கொண்டு ரசத்தைக் கவனிக்கலாம். 'நீலம்' என்று பதில் வந்தால் இந்த வாரக் கட்டுரை உங்களுக்குத்தான்.

அந்த நீலம் டர்போ சி++ என்ற மென்பொருளின் நீலம். போர்லண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் விற்ற சரக்கு. நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, தலைமாட்டில் சாம்பல் நிறப் பட்டையில் ஃபைல், எடிட், சர்ச், ரன் என்று மெனு. கன்ட்ரோலும் எஃப்9-ம் அழுத்தினால் புரோகிராம் ஓடும், ஆல்ட்டும் எஃப்5-ம் அழுத்தினால் விடை தெரியும். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் படித்த இரண்டு தலைமுறைக்கு இந்த இரண்டும் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டவை. 'ரோஜா' ரிலீஸான காலம் அது. (அதன் ஹீரோவுக்கே கம்ப்யூட்டரில் சங்கேதம் உடைக்கிற உத்தியோகம்தான், ஞாபகமிருக்கிறதா?) முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேஸட் போய், சிடி போய், பென் டிரைவும் போகிற போக்கில் இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் அந்த நீலத் திரை மட்டும் குலதெய்வம் மாதிரி அப்படியே இருக்கிறது.

டர்போ சி மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. தன் காலத்தில் அது அற்புதம். அதற்கு முன்னால் புரோகிராம் எழுதுவதென்றால் ஒரு மென்பொருளில் அடித்து, வெளியே வந்து, இன்னொன்றில் மொழிபெயர்த்து, மறுபடி மூன்றாவதில் கோத்து, நடுவில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போர்லண்ட் இதையெல்லாம் ஒரே திரைக்குள் கொண்டுவந்தது. 1983-ல் அவர்கள் விட்ட டர்போ பாஸ்கல் ஐம்பது டாலருக்கு ஐந்து சென்ட் குறைவு. போட்டிக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் டாலர் கேட்ட காலம். நம்முடைய அழுக்கு 386 மெஷினில்கூட அந்த நீலத் திரை விர்ரென்று ஓடியது. எந்த வார்த்தை மேலும் கர்சரை வைத்து உதவி கேட்டால் உதாரணத்தோடு விளக்கம் வரும். ஆசிரியர் இல்லாத ஊரில் அதுதான் ஆசிரியர். நல்ல புரோகிராமர்கள் எத்தனையோ பேர் அதில் வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் அதைச் செய்தவர்களே அங்கே நிற்கவில்லை என்பதுதான் விஷயம். டர்போ பாஸ்கலை எழுதிய டென்மார்க்காரர் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க், மைக்ரோஸாஃப்ட்டுக்குப் போய் சி ஷார்ப், டைப் ஸ்க்ரிப்ட் என்று புது மொழிகளே படைத்துவிட்டார். போர்லண்டை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஃபிலிப் கான் 1997-ல் தன் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, கேமராவையும் செல்போனையும் ஒட்டுப்போட்டு, படம் எடுத்த கையோடு நண்பர்களுக்கு அனுப்பினார். நாம் தினம் வாட்ஸப்பில் தள்ளும் குட்மார்னிங் படங்களுக்கு மூதாதை அவர்தான் (திட்டுகிறவர்கள் அங்கே திட்டலாம்). போர்லண்ட் கம்பெனியையே 2009-ல் இன்னொருவர் வாங்கிக்கொண்டார். எல்லோரும் கடையைக் கட்டிவிட்டார்கள். நாம்தான் வாசலில் நிற்கிறோம்.

பழசானால் என்ன சார், சி மொழியே பழசுதானே என்று கேட்பீர்கள். நியாயம். டென்னிஸ் ரிட்சி பெல் லேபில் சி மொழியை உருவாக்கியது 1972 வாக்கில். வயசு குற்றமே இல்லை. இன்னொரு உதாரணம் பாருங்கள். டர்போ சி முதலில் வந்தது 1987. அதே 1987-ல்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற தாடிக்காரர் ஜிசிசி என்ற இலவச கம்பைலரை வெளியிட்டார். இரண்டும் ஒரே வயசு. ஜிசிசி ஒவ்வொரு வருஷமும் வளர்ந்து இன்றைக்கு லினக்ஸையே அதுதான் சமைத்துப் போடுகிறது. டர்போ சி நின்ற இடத்தில் நின்றுவிட்டது. சி++ மொழிக்கு உலகப் பொது இலக்கணம் என்று ஒன்று வந்ததே 1998-ல். அதற்கப்புறம் 2011-லிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்த இலக்கணத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். நம் நீலத் திரைக்கு 1998-ம் தெரியாது. ஆக, நம் பிள்ளைகள் படிப்பது சி++ இல்லை, சி++-ன் தொல்காப்பியத்துக்கு முந்தைய வட்டார வழக்கு.

ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், பெயரில் ஒன்றுமில்லை, எந்த மாவட்டத்திலும் இருக்கலாம். லேபில் ஒரு பையன் ஃபேக்டோரியல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். உங்களுக்கு ஞாபகமிருக்கும், ஐந்து ஃபேக்டோரியல் என்றால் ஒன்றிலிருந்து ஐந்து வரை பெருக்கி 120. திரையில் 120 சரியாக வந்தது.

'எட்டு குடுத்துப் பாருப்பா.'

'வேண்டாம் சார்.'

'ஏன்?'

'நெகட்டிவ்ல வரும் சார்.'

கொடுத்தான். மைனஸ் 25216 என்று வந்தது. நிஜ விடை 40320.

'ஏன் இப்படி வருது?'

'அது அப்படித்தான் சார் வரும். மேடம் ஏழு வரைக்கும் போதும்னு சொல்லிட்டாங்க.'

அந்த பதிலைத்தான் இன்னும் மெல்ல முடியாமல் வைத்திருக்கிறேன். விடை ஏன் தப்பு என்பது பெரிய ரகசியமில்லை. டர்போ சி 16 பிட் காலத்து ஆசாமி. முழு எண்ணுக்கு அது ஒதுக்கும் டப்பாவில் 32767 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் சைபருக்குத் திரும்புமே, அந்த மாதிரி சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். 40320-லிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள், மைனஸ் 25216 வரும். கல்லூரி லேபில் தவறாமல் கொடுக்கும் இன்னொரு கணக்கு சம்பளப் பட்டியல். இருபதாயிரமும் இருபதாயிரமும் கூட்டச் சொன்னால் டர்போ சி மைனஸ் 25536 என்று சொல்லும். வேலை பார்த்ததற்கு நீங்கள் முதலாளிக்குப் பணம் தரவேண்டும் என்று அர்த்தம்! (சில கம்பெனிகளில் அதுதான் நடக்கிறது என்பது வேறு கதை.)

இதை ஒரு பாடமாக எடுத்தால் எவ்வளவு அருமையான பாடம்! எண்களுக்கும் கொள்ளளவு உண்டு, கம்ப்யூட்டரின் எண் வேறு, கணக்கு வாத்தியாரின் எண் வேறு என்று ஒரு மணி நேரத்தில் புரியவைத்துவிடலாம். இன்றைய கம்பைலரிலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, 13 ஃபேக்டோரியலில் அதுவும் கவிழும். பைத்தானில் கவிழாது. ஏன் ஒன்றில் எட்டில் கவிழ்கிறது, ஒன்றில் பதிமூன்றில், ஒன்றில் கவிழ்வதே இல்லை என்று கேட்டால் ஒரு செமஸ்டருக்கே தீனி. அந்தப் பையன் கற்றுக்கொண்டது அதுவல்ல. மெஷின் தப்பாகச் சொன்னால் அது அப்படித்தான், அந்தப் பக்கம் போகாதே என்பதைக் கற்றுக்கொண்டிருக்கிறான். ஏழு வரைக்கும் போதும். நாளைக்கு அவன் பாங்கிலோ மின்சார அலுவலகத்திலோ நம் எல்லோருடைய கணக்கையும் பார்க்கும் சாஃப்ட்வேர் எழுதப்போகிறவன்.

இன்னொரு வேடிக்கை. இன்றைய 64 பிட் விண்டோஸில் இந்த நீலத் திரை நேரடியாக ஓடவே ஓடாது. விண்டோஸ் 11-ல் 64 பிட்டைத் தவிர வேறு ரகமே கிடையாது. அப்புறம் எப்படி ஓட்டுகிறார்கள்? டாஸ்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள். பழைய டாஸ் காலத்து விளையாட்டுகளை விடமாட்டேன் என்பவர்களுக்காக, புது மெஷினுக்குள் ஒரு பொய்யான பழைய மெஷினைச் செய்து காட்டும் வித்தை. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடுவதற்கு வைத்திருந்த பொய் மெஷினுக்குள் நம் கல்லூரிகள் டர்போ சி-யை உட்காரவைத்து, அதற்கு மார்க்கும் போடுகின்றன. புது கம்ப்யூட்டர் வாங்க லட்சக்கணக்கில் டெண்டர். வாங்கியதும் முதல் வேலை அதை 1992-ஆக மாற்றுவது.

தமாஷ் போதும். இதில் அடிபடுவது யார் என்று பார்க்கலாம்.

சென்னையில் இன்ஜினீயர் அப்பாவுக்குப் பிறந்த பையனுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் லேப்டாப் இருக்கும், யூடியூப் இருக்கும், அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பையன் 'டேய், அதையெல்லாம் தூக்கிப் போடு' என்று சொல்லிக்கொடுத்துவிடுவான். கல்லூரி என்ன கற்றுத்தந்தாலும், தராவிட்டாலும் அவன் தேறிவிடுவான். தாலுகா தலைநகர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரும் பெண் இருக்கிறாளே, குடும்பத்தில் முதல் பட்டதாரி, காலையில் ஒரு பஸ் மாறி வருகிறவள், அவளுக்கு லேபில் காட்டியதுதான் கம்ப்யூட்டர். அவள் சமர்த்து. காட்டியதையெல்லாம் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறாள். மூன்று வருஷம் கழித்து வேலைக்கான ஆன்லைன் பரீட்சை. கட்டத்துக்குள் சி++ புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். அவள் மனப்பாடமாகத் தெரிந்த முதல் வரியை அடிக்கிறாள், ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச். இன்றைய கம்பைலர் அப்படி ஒரு ஃபைலே கிடையாது என்று சொல்லிவிடும். அதைத் தாண்டினால் கோனியோ டாட் ஹெச், அதுவும் கிடையாது. அதையும் தாண்டினால் வாய்ட் மெயின், அது தப்பு என்று அடித்துத் திருப்பும். லாஜிக் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் மூன்று அடி. கடிகாரம் ஓடுகிறது. 'எனக்கு கோடிங் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறாள். அவளுக்கு வராமல் இல்லை. அவளுக்குச் செல்லாத நோட்டைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினோம்.

திரையை விடுங்கள், அந்த லேபின் வாசலுக்கு வாருங்கள். செருப்பு ஸ்டாண்ட் ஒன்று இருக்கும். 'தம்பி, செருப்பை வெளில விடு' என்று லேப் அட்டெண்டர் குரல். ஏன் விடவேண்டும்? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370/155 வந்தது. அறையை அடைக்கும் மெஷின். மாணவர்கள் துளை போட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், விடை அச்சடித்த காகிதம் பிறகு வரும். ஒரு கமா பிசகினால் மறுபடி வரிசை. அந்தக் கால மெஷின்களின் டிஸ்க்குகள் கழற்றி மாட்டும் தட்டுகள். தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவில் தலைமுடியைவிடப் பல மடங்கு குறுகலான இடைவெளி. ஒரு தூசி நுழைந்தால் தட்டு காலி, தகவல் காலி. அதற்காக ஏ.சி., அதற்காகச் செருப்பு. நியாயமான பயம். அதற்கப்புறம் டிஸ்க்கை மூடி சீல் வைத்தார்கள். இப்போது எஸ்.எஸ்.டி. வந்து உள்ளே சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. பஸ் ஸ்டாண்டில், மீன் மார்க்கெட்டில், சலூனில் எல்லோர் கையிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது, யாரும் செருப்பைக் கழற்றவில்லை. காரணம் செத்துவிட்டது, சடங்கு மட்டும் உயிரோடு.

செருப்போடு போனால்கூடப் பரவாயில்லை. கூடவே ஒரு மனோபாவம் வருகிறது. லேப் என்பது நேரம் போட்டுத் திறக்கும் சன்னதி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தரிசனம். இன்டர்நெட் கிடையாது, பென் டிரைவ் கூடாது, விளையாடக் கூடாது, இன்றைக்கு எழுத வேண்டிய புரோகிராமைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. சாயங்காலம் நாலரைக்குப் பூட்டு. எத்தனை கல்லூரிகளில் ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்திருக்கிறது, சொல்லுங்கள்!

இதற்கு நேர் எதிரான ஒரு கதை அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி. ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்று இரண்டு கணக்கு வாத்தியார்கள். கெமெனி சின்ன வயசில் ஐன்ஸ்டைனுக்கே உதவியாளராக இருந்தவர். அவர்கள் கல்லூரியில் முக்கால்வாசிப் பேர் சயின்ஸ் படிக்காதவர்கள், சரித்திரமும் இலக்கியமும் படிக்கிற கோஷ்டி. நாளைக்கு நாட்டை நிர்வாகம் பண்ணப்போவது இந்தக் கோஷ்டிதான், இவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் போனால் ஆபத்து என்று நினைத்தார்கள். நூலகத்தில் யார் வேண்டுமானாலும் நுழைந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம் இல்லையா, கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஒரே மெஷினைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்தார்கள். அதற்கென்று சுலபமாக ஒரு மொழியும் எழுதினார்கள். அதுதான் பேஸிக். 1964 மே 1, விடிகாலை நாலு மணிக்கு முதல் தடவையாக ஓடியது. மாணவர்களிடம் காசு வாங்கவில்லை. எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. விளையாடினால் விரட்டவில்லை. கெமெனி பிற்பாடு அந்தக் கல்லூரிக்கே தலைவரானார். கர்ட்ஸ் 2024 நவம்பரில் காலமானார், நம் பத்திரிகைகளில் ஓரத்தில்கூட இடம் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

அவர்களிடம் இருந்தது ஒரு மெஷின், கொஞ்சம் டெலிடைப் கருவிகள். நம் கல்லூரி லேபில் அறுபது மெஷின், ஒவ்வொன்றும் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகம். ஆக, பற்றாக்குறை மெஷினில் இல்லை.

அடுத்து, ரெக்கார்டு நோட்டு. இது பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். வலது பக்கம் கோடு போட்டது, இடது பக்கம் வெள்ளை. நோக்கம், வழிமுறை, புரோகிராம், விடை, முடிவு என்று ஐந்து தலைப்பு. கையால் எழுதவேண்டும், மெஷினில் அடித்த புரோகிராமை மறுபடி பேனாவால்! கடைசி வரி பாரத தேசம் முழுக்க ஒன்றுதான்: 'தஸ் தி புரோகிராம் வாஸ் எக்ஸிக்யூட்டட் சக்ஸஸ்ஃபுல்லி.' நான் புரட்டிய நோட்டுகள் ஒன்றிலும் சக்ஸஸ் ஆகாத புரோகிராமைப் பார்த்ததில்லை. உண்மையில் புரோகிராமர் வேலையின் பெரும்பகுதி தப்பைத் தேடுவது. மாரிஸ் வில்க்ஸ் என்ற கேம்ப்ரிட்ஜ் மேதை 1949-ல் தன் புது மெஷினுக்குப் புரோகிராம் எழுத ஆரம்பித்தபோது, மிச்ச வாழ்நாளில் பெரும்பங்கு தன் தப்புகளைத் தானே தேடுவதில்தான் கழியப்போகிறது என்று மாடிப்படியில் திடுக்கிட்டதாகச் சொல்லியிருக்கிறார். ரெக்கார்டு நோட்டில் அந்த மாடிப்படி கிடையாது. என்ன தப்பு வந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னால் போதும், எவன் காப்பி அடித்தான் என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது ஒரு புது விசேஷம் சேர்ந்திருக்கிறது. பையன் சாட்ஜிபிடியிடம் கேட்கிறான், அது நொடியில் புரோகிராம் எழுதித் தருகிறது, இவன் அதைப் பார்த்து நோட்டில் கையால் எழுதுகிறான். யோசிப்பது மெஷின், பிரதி எடுப்பது மனிதன். கம்ப்யூட்டர் கண்டுபிடித்தவர்கள் இந்த வேலைப் பிரிவினையை நிச்சயம் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

வாத்தியார்களைத் திட்டுவது சுலபம். நான் திட்டப்போவதில்லை. தனியார் கல்லூரிகள் பலவற்றில் அவர்கள் வாங்கும் சம்பளம் வெளியே சொன்னால் அவர்களுக்கே சங்கடம். பாடம் எடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் அக்ரெடிடேஷன் ஃபைல், அட்மிஷனுக்கு ஆள்பிடிப்பு, அட்டெண்டன்ஸ் அப்லோட். இதற்கு நடுவில் பத்து வருஷமாக ஓடும் லேப் மேனுவலை மாற்று என்றால் யார் மாற்றுவார்? மாற்றினால் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் 'இதென்ன கிளியர் ஸ்க்ரீனைக் காணோம்?' என்று கேட்டு மார்க்கில் கைவைத்துவிட்டால்? எக்ஸாமினரைக் கேளுங்கள், அவரும் இன்னொரு கல்லூரியில் இதே பயத்தோடு இருப்பவர்தான். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் புரட்டினால் பெரும்பாலும் 'சி மொழி' என்றுதான் இருக்கும், டர்போ என்ற வார்த்தையே இருக்காது. யாரும் போடாத உத்தரவுக்கு எல்லோரும் கீழ்ப்படிகிறார்கள்.

மாற முடியாது என்றும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்தில் முதல் வருஷத்திலேயே எல்லாப் பிரிவுக்கும் பைத்தானைக் கொண்டுவந்துவிட்டது. அதைவிட ஆச்சரியம், பள்ளிக்கூடம். நம் மாநிலப் பாடநூல் 2019-ல் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பைத்தான் வைத்தது, தமிழ் வழியிலும். பிளஸ் ஒன் சி++ புத்தகம்கூட டெவ் சி++ என்ற இலவச சாஃப்ட்வேரைக் காட்டி, புது இலக்கணப்படிதான் சொல்லித்தருகிறது. ஆக, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பைத்தான் படித்துவிட்டு ஒரு பெண் கலைக் கல்லூரிக்குள் நுழைகிறாள், அங்கே அவளை வரவேற்பது நீலத் திரை! மேல் படிப்பு என்பார்கள். இது மாடியிலிருந்து இறங்குகிற படிப்பு.

அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது 2011 செப்டம்பர் 15. லட்சக்கணக்கான பிள்ளைகளின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். முதல் தவணைகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டிருந்தார்கள். நம் சி-டாக் சென்னைக்காரர்கள் உருவாக்கிய இந்திய லினக்ஸ், தமிழும் பேசும். அதோடு ஜிசிசி, பைத்தான் எல்லாம் காலணா செலவில்லாமல் கிடைக்கும். பொக்கிஷத்தைக் கையில் கொடுத்தோம். பெட்டியை எப்படித் திறப்பது என்று கல்லூரி சொல்லவேண்டும், கல்லூரி அந்தப் பெட்டியில் டாஸ்பாக்ஸும் டர்போவும் காப்பி பண்ணிக்கொடுத்தது. 2025 பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி கருவி தருவதாக அறிவித்தார்கள். தாராளமாகத் தரட்டும். கூடவே லேப் மேனுவலை மாற்றச் சொல்லி ஒரு பக்க சுற்றறிக்கையும் அனுப்பினால் பேப்பர் செலவு மட்டும்தான்.

பாக்கெட்டில் இருக்கும் செல்போனைக் கல்லூரி வாசலில் பிடுங்கி வைக்கிறார்கள். அந்த செல்போனில் பைத்தான் எழுதலாம், டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டால் சி-யும் எழுதலாம், லேபில் இருக்கும் நீலத் திரையைவிட நவீனமாக. வகுப்பில் போன் தொந்தரவுதான், ஒப்புக்கொள்கிறேன். லேபிலும் தொந்தரவு என்பது என் அறிவுக்கு எட்டவில்லை. இன்னொரு பக்கம், போனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஃபைல் என்றால் என்ன, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே தெரிவதில்லை. படம் கேலரியில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தலைமுறைக்கு லேப் ரொம்பவே தேவை. திறந்த லேப்.

என்ன கணக்கு கொடுக்கலாம் என்று கேட்கும் வாத்தியார்களுக்கு ஒன்று சொல்கிறேன், இலவசம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? இரண்டாம் கிளாஸ் பாப்பா த, மி, ழ் என்று விரல் விட்டு மூன்று என்று சொல்லும். பைத்தானிடம் கேளுங்கள், ஐந்து என்று சொல்லும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டு. சி மொழியிடம் யூடிஎஃப்-8 முறையில் அந்தச் சொல்லைக் கொடுத்து நீளம் கேளுங்கள், பதினைந்து என்று சொல்லும். துண்டுக்கு மூன்று பைட். மூன்று, ஐந்து, பதினைந்து, மூன்றுமே சரி! மூன்று என்று பாப்பா சொல்வதை மெஷினையும் சொல்லவைக்க ஒரு புரோகிராம் எழுதச் சொல்லுங்கள். இருபது வரிதான் ஆகும். ஆனால் உயிர்மெய் என்றால் என்ன, புள்ளி எங்கே ஒட்டுகிறது என்று யோசித்தால்தான் எழுத முடியும். தமிழம்மாவையும் லேபுக்குக் கூப்பிடவேண்டி வரலாம். கூப்பிடுங்கள், செருப்போடு வரட்டும். நீலத் திரையில் இந்தக் கணக்கை ஆரம்பிக்கவே முடியாது, அதற்கு ஒரு தமிழ் எழுத்துகூடக் காட்டத் தெரியாது.

பெற்றோர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 'பையன் காலேஜ் சேர்றான் சார், எந்த லேப்டாப் வாங்கலாம்?' எழுபதாயிரம் ரூபாய்ப் பளபளப்பு வேண்டாம். நாலைந்து வருஷம் ஆபீஸில் உழைத்து ஓய்வுபெற்ற செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று, எட்டு ஜிபி ராம், எஸ்.எஸ்.டி. இருந்தால் போதும். லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் சி, சி++ பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன, ஜிசிசி வைத்துத்தான் சொல்லித்தருகிறார்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பேட்டரி ஒன்றும் ரெக்கார்டு நோட்டு நாலும் வாங்கலாம். நோட்டு எழுதாமல் ஹால் டிக்கெட் தரமாட்டார்கள்.